மிளகாயும் பூண்டும்: ஒரு சத்துக் கணக்கு

மிளகாய் ஒரு காய். பூண்டு ஒரு சேமிப்பு. இரண்டின் சத்து வேறுபாடு பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகிறது. மிளகாய்ச் செடி கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. விதையைச் சுற்றி நீர் நிறைந்த சதையை வளர்த்து, பழுத்தபின் நிறம் காட்டிப் பறவைகளை அழைப்பது அதன் வழி. ஆகவே பச்சை மிளகாயில் பெரும்பகுதி தண்ணீர். பூண்டு வெங்காயத்தின் இனம். அடுத்த பருவத்தில் முளைப்பதற்கான மாவுச்சத்தையும் புரதத்தையும் அது மண்ணுக்கடியில் பல்பல்லாகச் சேர்த்து வைக்கிறது. ஆகவே பூண்டில் தண்ணீர் குறைவு, சரக்கு அதிகம்.

சமையலறைக்கு இரண்டும் வந்த வழியும் வேறு. பூண்டின் பிறப்பிடம் மத்திய ஆசியா. இந்தியாவில் மிகப் பழங்காலத்திலேயே அது மருந்தாகவும் உணவாகவும் வழங்கியது. மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய பிறகு, போர்த்துகீசியர் வழியாக அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் தமிழர் உணவில் காரம் என்றால் மிளகு, திப்பிலி, இஞ்சி ஆகியவைதான். மிளகுபோல் உறைக்கும் காய் என்பதால் புதிதாக வந்ததற்கு மிளகாய் என்று பெயர் அமைந்தது. ஆரணி வட்டாரத்து நெசவு ஊரான தேவிகாபுரத்தின் பெரியநாயகி அம்மன் கோயிலில் விஜயநகரக் காலக் கல்வெட்டுகள் உள்ளன. விஜயநகர அரசு 1336இல் தோன்றியபோது மிளகாய் இந்தியாவில் எங்குமே இல்லை. இன்று அதே கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் மிளகாய் இல்லாத குழம்பைக் காண்பது அரிது.

தமிழ்நாட்டில் இரண்டுக்கும் புகழ்பெற்ற விளைநிலங்கள் உண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இலும், ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023இலும் புவிசார் குறியீடு பெற்றன. உலக அளவில் காய்ந்த மிளகாய் உற்பத்தியில் இந்தியா முதலிடத்திலும், பூண்டு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடத்திலும் இருக்கிறது.

நூறு கிராமில்

இந்திய உணவுகளின் சத்து அளவைப் பட்டியலாக்கும் வேலை தமிழ்நாட்டில்தான் தொடங்கியது. 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வகமே பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. 1937இல் அதே குன்னூர் ஆய்வகத்தின் ஆய்க்ராய்டு வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியல் பலமுறை திருத்தி விரிக்கப்பட்டு, நாட்டின் மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வந்தது.

அந்தப் பட்டியலின்படி 100 கிராம் பச்சை மிளகாயில் 29 கலோரி ஆற்றலும் 2.9 கிராம் புரதமும் உள்ளன. நார்ச்சத்து ஏறக்குறைய 7 கிராம், வைட்டமின் சி 111 மில்லிகிராம். அதே எடையுள்ள பூண்டில் 145 கலோரி, 6.3 கிராம் புரதம், சுமார் 30 கிராம் மாவுச்சத்து, 310 மில்லிகிராம் பாஸ்பரஸ், 13 மில்லிகிராம் வைட்டமின் சி. கரோட்டின் பச்சை மிளகாயில் ஓரளவு உண்டு, பூண்டில் இல்லை. ஆற்றலில் பூண்டு ஐந்து மடங்கு, புரதத்தில் இரு மடங்கு. வைட்டமின் சியில் மிளகாய் எட்டு மடங்குக்கு மேல்.

காய்ந்த மிளகாய் இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது பொருள். தண்ணீர் வற்றிவிடுவதால் 100 கிராமில் 246 கலோரி, ஏறக்குறைய 16 கிராம் புரதம், 30 கிராம் நார்ச்சத்து என்று எல்லாம் செறிவாகின்றன. வைட்டமின் சி மட்டும் எதிர்த்திசையில் போகிறது. பச்சையில் 111 மில்லிகிராமாக இருந்தது, தண்ணீர் வற்றிய அளவுக்குச் செறிந்திருந்தால் 600ஐத் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் காய்ந்த மிளகாயில் இருப்பது 50 மட்டுமே. வெயிலும் காற்றும் இந்த வைட்டமினை எவ்வளவு அழிக்கின்றன என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும்.

அமெரிக்க வேளாண் துறையின் பட்டியலைப் பக்கத்தில் வைத்தால் சில எண்கள் மாறுகின்றன. அங்கே பச்சை மிளகாயின் வைட்டமின் சி 242 மில்லிகிராம், பூண்டினுடையது 31. பூண்டின் கால்சியம் இந்தியப் பட்டியலில் 30 மில்லிகிராம், அமெரிக்கப் பட்டியலில் 181. காய்ந்த மிளகாயின் கரோட்டின் அளவும் இரண்டு பட்டியல்களுக்கும் இடையே பல மடங்கு வேறுபடுகிறது. இதை யாருடைய பிழை என்றும் சொல்ல முடியாது. ரகம், மண், பறித்த பருவம், வைத்திருந்த நாள், அளந்த முறை ஆகிய எல்லாமே சத்தின் அளவை மாற்றுகின்றன. பட்டியல் எண்கள் திசை காட்டுபவை; பில் தொகைபோலத் துல்லியமானவை அல்ல. திசையில் இரண்டு பட்டியல்களும் ஒத்துப்போகின்றன: வைட்டமின் சிக்கு மிளகாய்; ஆற்றல், புரதம், பாஸ்பரஸ் ஆகியவற்றுக்குப் பூண்டு. வைட்டமின் பி6, மாங்கனீசு, செலினியம் ஆகிய மூன்றிலும் பூண்டே செறிவானது என்று அமெரிக்கப் பட்டியல் காட்டுகிறது.

மிளகாய்க்கும் வைட்டமின் சிக்கும் உள்ள உறவு அறிவியல் வரலாற்றிலும் பதிவானது. ஹங்கேரியின் செகெட் நகரில் ஆல்பர்ட் செண்ட்-ஜியார்ஜி இந்த வைட்டமினைப் பெருமளவில் பிரித்தெடுக்க வழி தேடியபோது, அவருக்குக் கைகொடுத்தது அந்த ஊரில் மலிவாகக் கிடைத்த மிளகாய். 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தட்டில் விழும் அளவு

தேவிகாபுரம் பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுத்து, நெய்த சேலையை நிறுத்து வாங்கும் தொழில் நடக்கும் ஊர். பட்டுக்கு ஒரு கணக்கு, ஜரிகைக்கு ஒரு கணக்கு என்பது தறிக்காரருக்குத் தெரிந்த செய்தி. உணவிலும் அப்படியே. 100 கிராம் அரிசி ஒருவர் ஒரு வேளையில் உண்ணக்கூடிய அளவு. 100 கிராம் மிளகாயை யாரும் தின்பதில்லை. 100 கிராம் பூண்டு தின்பவரும் அரிதே. எனவே ஒப்பீடு தட்டில் விழும் அளவில் நடந்தால்தான் பொருள் உண்டு.

கூழுக்குக் கடித்துக்கொள்ளும் இரண்டு பச்சை மிளகாயின் எடை 10 கிராம் என்று கொள்ளலாம். அதில் இந்தியப் பட்டியலின்படி வைட்டமின் சி 11 மில்லிகிராம், அமெரிக்கப் பட்டியலின்படி 24. பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 65, ஆணுக்கு 80 மில்லிகிராம் தேவை என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் பெண்ணின் தேவையில் ஆறில் ஒரு பங்கு அந்த இரண்டு மிளகாயிலேயே கிடைத்துவிடுகிறது. அவற்றைக் குழம்பில் போட்டுக் கொதிக்கவைத்தால் இந்தப் பங்கு வெகுவாகக் குறையும். வைட்டமின் சி தண்ணீரில் கரையும், சூட்டில் சிதையும்.

நான்கு பல் பூண்டின் எடை சுமார் 12 கிராம். அதில் 17 கலோரி, முக்கால் கிராம் புரதம், ஒன்றரை மில்லிகிராம் வைட்டமின் சி. பெண்ணின் ஒரு நாள் புரதத் தேவை 46 கிராம். பூண்டின் புரதம் 6.3 கிராம் என்று பட்டியலில் படிக்கும்போது எழும் மதிப்பு, நான்கு பல்லில் ஏறக்குறைய கரைந்துவிடுகிறது. ஒரு பிடி துவரம்பருப்பு தரும் புரதத்துக்கு இது ஈடாகாது. குழம்பில் விழும் ஐந்து கிராம் மிளகாய்த்தூளில் கிடைப்பதும் ஒன்றரை கிராம் நார்ச்சத்தும் சிறிது கரோட்டினும்தான். அந்தக் கரோட்டின் உடலில் சேர எண்ணெய் வேண்டும். தாளிப்பு அதற்குப் போதும்.

ஆக, உண்ணும் அளவில் பூண்டு எந்தச் சத்துக்கும் முதன்மையான ஆதாரம் அல்ல. பச்சை மிளகாய் மட்டும், அதுவும் வேகாமல் உண்ணும்போது மட்டும், வைட்டமின் சி ஒன்றுக்குக் குறிப்பிடத்தக்க ஆதாரம். இத்துடன் சத்துக் கணக்கு முடிகிறது என்றால் இரண்டும் வெறும் சுவைப்பொருள்களாகவே நின்றுவிடும். அவற்றின் மதிப்பை அறியப் பட்டியலில் இடம்பெறாத இரண்டு பொருள்களைப் பார்க்க வேண்டும்.

காரமும் வாடையும்

மிளகாயின் காரம் கேப்சைசின் என்ற பொருளால் வருவது. அது உண்டாகும் இடம் விதை அல்ல. விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டு. விதையில் காரம் தெரிவது அதன்மேல் ஒட்டியிருப்பதால்தான். நாக்கில் சூட்டை உணரும் நரம்பு வாயில் ஒன்றைக் கேப்சைசின் திறந்துவிடுகிறது. அதனால் உண்மையான சூடு இல்லாமலே மூளைக்கு எரிச்சல் செய்தி போகிறது. அந்த வாயிலை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளின் நரம்பில் அந்த வாயில் கேப்சைசினுக்குத் திறப்பதில்லை; கிளி மிளகாய்ப் பழத்தைத் தயக்கமின்றித் தின்பது அதனால்தான். கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது. எண்ணெயிலும் கொழுப்பிலும் கரையும். காரம் தாங்காதவருக்குத் தண்ணீரைவிட மோரோ பாலோ உதவுகிறது. மிளகாய் கிள்ளிய விரலை முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால்தான் எரிச்சல் போகும். இழை முடியும் விரல் அடிக்கடி கண்ணருகே போகும் நெசவுத் தொழிலில் இது நினைவில் இருக்க வேண்டிய செய்தி.

பூண்டின் வாடைக்குக் காரணம் கந்தகம். முழுப் பல்லுக்கு அவ்வளவாக வாடை கிடையாது. அதன் உயிரணுவுக்குள் அலீன் என்ற கந்தகப் பொருள் ஓர் அறையிலும், அலினேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. நறுக்கும்போதோ நசுக்கும்போதோ சுவர் உடைந்து இரண்டும் கலக்க, அல்லிசின் பிறக்கிறது. பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டப் பூண்டு வைத்திருக்கும் ஆயுதம் இது. 1944இல் கவலிட்டோ, பெய்லி என்ற இரு அமெரிக்க வேதியியலாளர்கள் இதைப் பிரித்தெடுத்து, பாக்டீரியாவை எதிர்க்கும் ஆற்றல் இதற்கு உண்டு என்று காட்டினர். சூடு பட்டால் அந்த நொதி செயலிழக்கும். முழுப் பல்லாகக் குழம்பில் வெந்த பூண்டு மென்மையாகவும் இனிப்பாகவும் இருப்பதற்கும், அதில் அல்லிசின் ஏறக்குறைய இல்லாமல் போவதற்கும் காரணம் ஒன்றே. நசுக்கிப் பத்து நிமிடம் விட்டுப் பிறகு அடுப்பில் சேர்த்தால், அதற்குள் அல்லிசின் உருவாகிவிடுகிறது. அதிலிருந்து பிறக்கும் கந்தகச் சேர்மங்களில் ஒரு பகுதி சமைத்தபின்னும் எஞ்சுகிறது.

கூழும் துணையும்

ஆரணி, போளூர், சேத்துப்பட்டு வட்டாரங்களில் கேழ்வரகுக் கூழுக்குத் தொட்டுக்கொள்ளப் பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் வைப்பது வழக்கம். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியமும் 4 மில்லிகிராம் இரும்பும் உள்ளன. அரிசியில் கால்சியம் இதில் ஒரு சிறு பங்குதான். ஆனால் தானியத்தில் உள்ள இரும்பு முழுவதும் உடலில் சேர்வதில்லை. பைட்டேட் என்ற பொருள் அதைப் பிணைத்துவைத்திருக்கும். உண்ட இரும்பில் சில சதவீதம் மட்டுமே இரத்தத்துக்குப் போகிறது.

இங்கே வைட்டமின் சிக்கு ஒரு வேலை உண்டு. அது இரும்பைக் குடல் எளிதில் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றி, பைட்டேட்டின் பிடியையும் தளர்த்துகிறது. அதற்கு ஒரு நிபந்தனை: அதே வேளை உணவில் வைட்டமின் சி இருக்க வேண்டும். காலையில் நெல்லிக்காய் தின்றுவிட்டு இரவில் களி உண்டால் இந்தப் பயன் கிடைக்காது. கூழோடு கடித்துக்கொள்ளும் பச்சை மிளகாய் இந்த நிபந்தனையை நிறைவேற்றுகிறது. அதன் வைட்டமின் சி குறைவான அளவே என்பதால் சிறிது எலுமிச்சைச் சாறோ பச்சை மாங்காயோ கூடச் சேர்ந்தால் பயன் பெருகும்.

பூண்டும் இதே வேலையை வேறு வழியில் செய்வதாகத் தெரிகிறது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், தானியங்களோடும் பருப்புகளோடும் பூண்டையும் வெங்காயத்தையும் சேர்த்தபோது உடலுக்கு எட்டக்கூடிய இரும்பும் துத்தநாகமும் கூடின. பச்சையாகச் சேர்த்தாலும் சமைத்துச் சேர்த்தாலும் விளைவு தெரிந்தது. கந்தகச் சேர்மங்களே இதற்குக் காரணம் என்பது அவர்கள் கருத்து. செரிமானத்தைப் போலச் செய்து காட்டும் ஆய்வகக் குடுவையில் நடந்த சோதனை அது. மனித உடலில் விளைவு அதே அளவில் இருக்கும் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது.

இரும்பு பற்றிய இந்தச் செய்திக்குப் பெண்கள் வாழ்வில் எடை அதிகம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை உண்டு. தறிக்குழியில் காலை இறக்கி நாள் முழுதும் உட்கார்ந்து செய்யும் வேலையில் களைப்பைத் தள்ளிவைக்க அடிக்கடி டீ குடிப்பது இயல்பு. டீயில் உள்ள டேனின் இரும்பைத் தடுக்கும். கூழும் மிளகாயும் சேர்ந்து தந்த பயனை உடனே குடிக்கும் டீ பெருமளவு குறைத்துவிடுகிறது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேர இடைவெளி விடுவது செலவில்லாத வழி.

சொல்லப்படுவதும் தெரிந்ததும்

பிரசவித்த பெண்ணுக்குப் பத்தியத்தில் பூண்டு தருவது தமிழ்நாடு முழுவதும் உள்ள வழக்கம். பால் ஊறும் என்பது நம்பிக்கை. 1991இல் பிலடெல்பியாவின் மோனல் ஆய்வு நிலையத்தில் மெனெல்லா, போஷாம்ப் இருவரும் செய்த சோதனையில், தாய் பூண்டு உட்கொண்டபின் பாலின் வாடை மாறியது. குழந்தை அதிக நேரம் மார்பைப் பற்றியிருந்தது. குடித்த பாலின் அளவு கூடியது என்பது உறுதியாகவில்லை. வழக்கத்துக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. நம்பிக்கை முழுவதும் நிறுவப்படவில்லை. பாலூட்டும் தாயின் வைட்டமின் சி தேவையோ 115 மில்லிகிராம். பத்தியத்தில் பச்சை மிளகாய் விலக்கப்படுவதால், முருங்கைக்கீரை, நெல்லிக்காய், எலுமிச்சை ஆகியவற்றில் ஒன்று அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

பூண்டு கொழுப்பைக் கரைக்கும் என்ற பேச்சு பரவலானது. 2007இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 192 பேரிடம் ஆறு மாதம் நடத்திய சோதனையில், பச்சைப் பூண்டோ இருவகைப் பூண்டு மாத்திரைகளோ கெட்ட கொழுப்பைக் குறைக்கவில்லை. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குப் பூண்டு அழுத்தத்தைச் சிறிதளவு குறைப்பதாகப் பல சோதனைகளைத் தொகுத்த ஆய்வுகள் காட்டுகின்றன. அது மருந்துக்கு மாற்று ஆகாது.

மிளகாய் குறித்த பெரிய ஆய்வு சீனாவில் நடந்தது. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, 2015இல் முடிவு வெளியானது. ஏறக்குறைய தினமும் காரம் உண்பவர்களிடம், வாரம் ஒருமுறைகூட உண்ணாதவர்களைவிட இறப்பு 14 சதவீதம் குறைவாக இருந்தது. காரம்தான் காரணமா, காரம் உண்பவரின் பிற பழக்கங்களா என்பதை இவ்வகை ஆய்வு பிரித்துச் சொல்லாது. மிளகாய் வயிற்றில் புண்ணை உண்டாக்கும் என்ற பழைய கருத்து மட்டும் மாறிவிட்டது. பெரும்பாலான குடற்புண்ணுக்குக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் சில வலி மாத்திரைகளும். பாக்டீரியாவைக் கண்டறிந்த மார்ஷலும் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். ஏற்கெனவே புண்ணோ நெஞ்செரிச்சலோ உள்ளவருக்கு மிளகாய் துன்பத்தைக் கூட்டும் என்பது உண்மையே.

கவனிக்க வேண்டியவை

பூண்டில் உள்ள ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து சிறுகுடலில் செரிப்பதில்லை. பெருங்குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு அது உணவாகிறது. எளிதில் வயிறு உப்புபவர்களுக்கு அதுவே தொல்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் அதிக அளவு பச்சைப் பூண்டு தின்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எண்ணெயில் ஊறவைத்த பச்சைப் பூண்டைக் குளிர்ப்பெட்டிக்கு வெளியே நாள்கணக்கில் வைத்தால் பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சு உண்டாகக்கூடும். புளியும் உப்பும் சேர்ந்து காய்ச்சிய பூண்டு ஊறுகாயில் அந்த ஆபத்து குறைவு.

மிளகாயில் கவனம் காயவைப்பதில் தொடங்குகிறது. ஈரம் போகாமல் மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து, கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சின் சேரும். கறுத்த புள்ளியும் பூஞ்சை வாடையும் உள்ள வற்றலைப் பொறுக்கி எறிவது நல்லது. தூளாக வாங்கும்போது செயற்கைச் சாயக் கலப்படத்துக்கு இடம் உண்டு. முழு மிளகாய் வாங்கி, வெயிலில் காயவைத்து, மிஷினில் கொடுத்து அரைத்துக்கொள்ளும் பழக்கம் இந்தக் கவலையைப் பெரிதும் குறைக்கிறது. மோர் மிளகாயிலும் ஊறுகாயிலும் உப்பு மிகுதி. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இரத்த அழுத்தம் உள்ளவருக்குத் தொட்டுக்கொள்ள மோர் மிளகாயைவிடப் பச்சை மிளகாயே ஏற்றது. அதில் உப்பும் இல்லை, வைட்டமின் வெயிலில் வீணாவதும் இல்லை.

எடைக்கு எடை வைத்தால் பூண்டு சத்தில் அடர்ந்தது. உண்ணும் அளவுக்கு வைத்தால் பச்சை மிளகாய் வைட்டமின் சியால் முந்துகிறது. வயிற்றை நிரப்புவதும் உடலை வளர்ப்பதும் கேழ்வரகும் பருப்பும் கீரையும் முட்டையும்தான். அவற்றில் உள்ள இரும்பை உடலுக்குக் கொண்டுசேர்க்கத் துணை நிற்பதே மிளகாய்க்கும் பூண்டுக்கும் உள்ள பெரிய பயன். மிளகாயை வேகவைக்காமல் கூழோடு கடித்துக்கொள்வதும், பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் பொறுத்து அடுப்பில் இடுவதும் அந்தப் பயனைக் காக்கும் வழிகள்.